நோர்வூட் சரிவில் வெள்ளைப் பூஞ்சை தேடி

நோர்வூட் போகப் பாதை கேட்டு எழுதுகிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலாகப் போன கதையோடு சேர்த்துத்தான் சொல்வேன், எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

1979, தைப்பொங்கல் முடிந்த சனிக்கிழமை. அப்போது எனக்குக் கண்டியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. என் பெரியம்மா மகள் லூர்து அக்கா நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அவர் குடியிருந்த, எட்டு வீடு வரிசையாக உள்ள லயத்துக்கு மேலிருந்த சரிவில்தான் தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்தைப் பல வருடங்களாகக் கலக்கி, மிச்சத்தையும் அங்கேயே கொட்டினார்கள். அதில் புல்கூட முளைக்காது. மழை வந்தால் சேறு எட்டு வீட்டுக்குள்ளும் இறங்கும். வைகாசிக்குள் அங்கே மரம் பிடிக்காவிட்டால் எட்டுக் குடும்பத்தையும் பிரித்துத் தோட்டத்தின் வேறு வேறு டிவிசனுக்கு அனுப்புவதாக மேனேஜர் துரை சொல்லிவிட்டார்.

முந்தின ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டில் அக்கா இதைச் சொன்னபோது நான் பெரிய மேதை மாதிரி யோசனை சொன்னேன். பைன் கன்று நடுங்கள், குழிக்கு இரண்டு கை பழைய பைன் மரத்தடி மண் போடுங்கள். அந்த மண்ணிலுள்ள பூஞ்சை வேரைச் சுற்றிக்கொள்ளும், செம்பை உள்ளே அதிகம் விடாது, தண்ணீரும் சத்தும் தேடிக் கொடுக்கும். என் பேச்சை நம்பி அறுபது கன்று நட்டுவிட்டார்கள். போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

கண்டியில் காலை ரயில் ஏறி, பதினொன்றரைக்கு ஹட்டனில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே சுடச்சுட இரண்டு வடை, ஒரு பிளேன்டீ. நோர்வூட்டுக்கு பஸ்ஸில் பதின்மூன்று கிலோமீட்டர், டிக்கோயா வழியாக முக்கால் மணி நேரம். கண்டக்டர், "நடுவுல காலியாத்தான் இருக்கு, உள்ள போங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார். அந்த நடுவில் நான் ஒற்றைக் காலில் நின்றேன். நோர்வூட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர், எல்லாம் ஏற்றம். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது, அட்டை இரண்டு இடத்தில் கடித்தது.

சரிவை நிமிர்ந்து பார்த்தேன். பாதியில் கன்று நின்றது. மீதியில் வெறும் குழி, பக்கத்தில் சாம்பல்.

மூன்றாவது வீட்டு மாரிமுத்து அண்ணன் ஓடி வந்தார். மருந்தடிக்கிற ஆட்களுக்குக் கங்காணி, இருபது வருட அனுபவம். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துல பாத்தேன் தம்பி! வேரெல்லாம் வெள்ள நூலு ஓடிருச்சுங்க. இருபத்தாறு கன்னப் புடுங்கி எரிச்சு, குழிக்கு மருந்தும் போட்டுட்டேன். மத்ததுக்குப் பரவ விடல."

அவரைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. தேயிலை வேரில் வெள்ளை நூல் கண்டால் அது வேர் நோய். செடியைத் தோண்டி எரிக்க வேண்டும், அதுதான் தோட்டத்துச் சட்டம். யாரும் கேட்காமலே, லீவு நாளில் செய்திருக்கிறார். பூஞ்சை எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் விட்டது நான்.

மெதுவாக உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நட்ட அன்று பைன் மண் தீர்ந்துபோய், கடைசி நான்கு குழிக்குப் போடவில்லை என்றார் அக்கா. அதில் ஒன்றைத் தோண்டினேன். கன்று மஞ்சளாக இருந்தது, வேரில் நூலே இல்லை. பக்கத்துக் கன்றின் மண்ணையும் விலக்கினேன். பச்சைப் பசேலென்ற கன்று, வேர் முழுக்க வெள்ளை நூல். மாரிமுத்து அண்ணன் குந்தி உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெள்ளையக் கண்டா அடி அடின்னுதான் இருபது வருசமா சொன்னாங்க. விடுன்னு ஒருத்தரும் சொல்லலையே தம்பி" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அக்காதான் அதட்டினார். "வருத்தப்பட்டது போதும்ணே. நாளைக்கு ஞாயித்துக்கெழம. சாக்க எடுத்து வைங்க."

மறுநாள் காலை மாதா கோவில் பூசை முடிந்து அக்கா வந்ததும், பத்துப் பேராக ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த பைன் காட்டுக்குப் போனோம். மரத்தடியில் தானாக முளைத்த கன்றுகளை மண்கட்டியோடு பெயர்த்து, உரச் சாக்கில் சுமந்து வந்தோம். மருந்து போட்ட குழிகளை விட்டுப் புதுக் குழி வெட்டினோம். மண் சரியாமல் பிடித்து நிற்க இடையில் மானாப்புல் வைத்து, குறுக்கே கல் அடுக்கினோம். மாரிமுத்து அண்ணன் நான்கு நடை போய் வந்தார். மதியம் லயத்து வாசலில் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். அவ்வளவு ருசியாக நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

நீங்கள் போவதானால் தை, மாசி நல்லது. கம்பளிச் சட்டை, அட்டை ஏறாமல் காலில் தேய்க்கச் சவர்க்காரம் இரண்டையும் மறக்காதீர்கள். திரும்பும் பஸ் நேரத்தை ஹட்டனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணைப் பற்றி யாருக்காவது புத்தி சொல்லப் போகிறீர்களா? முதலில் மருந்துக் கலனைத் தோளில் சுமக்கிறவரிடம் சொல்லுங்கள். நான் அதைச் செய்யாமல் இருபத்தாறு கன்றைச் சாம்பலாக்கினேன்.

ஆனி மாதம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. "மூணு நாளா அடமழ தம்பி. வாசல்ல தண்ணிதான் ஓடுது, சேறு வரல. மாரிமுத்தண்ணே சாக்கைப் போத்திக்கிட்டு மேலயே நிக்கிறாரு. தொர வந்து பாத்துட்டு, பிரிச்சு அனுப்புற பேச்சையே எடுக்காமப் போயிட்டாரு. எட்டு வீட்டுக்காரங்களும் இங்கதான் இருக்கோம். மேல்விலாசம் மாறல, பதில் இதே வீட்டுக்குப் போடு."