மணலில் இழுத்த வலை

மன்னார்க் கரையிலுள்ள எங்கள் அரிப்புக் கிராமத்துக்கு மாணவர் பரிமாற்றத் திட்டம் வந்தபோது, நான் குளிரூட்டல் தொழில்நுட்பம் படித்துக்கொண்டு ஐஸ் தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தேன். ஐரோப்பாவிலிருந்து ஆறு மாணவர்கள் ஒரு வாரம் இங்கே. பிறகு எங்களில் ஒருவர் ஆறு மாதம் அங்கே. அவர்களுடைய கல்லூரியின் ஆய்வுகூடத்துக்காகவே விண்ணப்பித்திருந்தேன். தெரிவு கொழும்பிலிருந்து வந்த இணைப்பாளர் கையில்.

அவருடைய கணக்கில் இரு நாட்டுப் புரிந்துணர்வுக்கு வேண்டியவை: சேலை, மல்லிகைப்பூ, ஆரத்தித் தட்டு, கமெரா. நாங்கள் கத்தோலிக்கர்; எங்கள் வீட்டில் ஆரத்தி எடுப்பதில்லை. தட்டை நான்தான் பிடித்தேன்.

ஞாயிறு நிகழ்ச்சி, 'மீனவருடன் கடலில்'.

"சேர், ஞாயிறு நாங்கள் தொழிலுக்குப் போறேல்லை. பூசைக்குத்தான் போறது," என்றார் அப்பா.

"ஒரு மணித்தியாலம்தானே ஐயா. வந்தவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"மாதாவுக்குத் தெரியும்," என்று குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மகள்ட பேர்தான் முதலாவதா இருக்கு. அதையும் யோசிங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "வள்ளம் தண்ணியில இறங்காது. மணலில நிண்டு என்னத்தையும் செய்யுங்கோ."

பூசை முடிந்து நான் கடற்கரைக்குப் போனபோது, ஆறு பேரும் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு, காய்ந்த மணலில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குள் பாரை மீன்கள். எங்கள் தொழிற்சாலைக் குளிர் அறையில் முந்தின நாள் நான் பார்த்த அதே மீன்கள். ஒருத்தி ஒரு மீனைத் தூக்கினாள். அது விறகுக்கட்டைபோல் நின்றது. செவுளுக்குள் ஐஸ்.

"ஏன் இப்படி இருக்கிறது?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கடல் சரியான குளிர்னு சொல்லுங்க," என்றார் இணைப்பாளர். அவருடைய சேட் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

குளிரூட்டல் படிக்கிற என்னிடம், மன்னார்க் கடலைப் பற்றி. என் இடம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்பது தெரிந்தது. தெரிந்தே சொன்னேன்: "இது குளிர் அறை மீன். ஞாயிறு நாங்கள் கடலுக்குப் போவதில்லை."

அவள் சிரித்துவிட்டாள். "எங்கள் ஊரிலும் ஞாயிறு யாரும் வயலில் இறங்கமாட்டார்கள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

அந்த வாரத்தில் நடந்த ஒரே பரிமாற்றம் அதுதான். இணைப்பாளர் அதைப் படம் எடுக்கவில்லை.

ஐரோப்பாவுக்குப் போனது வேறொருவர். சில மாதங்களின் பின் ஒரு வழுவழுப்பான கையேடு வந்தது. அட்டையில் அப்பாவின் வள்ளம், ஆறு சாரங்கள், கீழே 'அதிகாலை மீன்பிடி' என்ற எழுத்து.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வள்ளத்துக்குக் கீழ மணல் தெரியுது பிள்ளை," என்றார். "பொய்யையாவது ஒழுங்காச் செய்திருக்கலாம்."