பேறுகாலத்தக்காவும் இருபத்தாறு பன்றிகளும்

பண்ணையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பன்றிகள் குட்டி போடும் கொட்டகை முழுக்க அவள் பொறுப்பில் இருந்ததால் 'பேறுகாலத்தக்கா' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. அவள் வயிற்றில் பிறந்தது ஒரே ஒரு மகள். அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். "எனக்கென்ன குறைச்சல், இங்க வாரத்துக்கு நூறு பேரப்புள்ளைங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான், அதை மறைப்பானேன். ஆனால் கைராசி என்றால் அவள் கைராசிதான்.

குட்டி மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு தாய் பதினாறு குட்டி போட்டுவிட்டு பன்னிரண்டுக்குத்தான் பால் கொடுக்க முடியும் என்றால், மிச்சம் நாலையும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டு, குறைவாகக் குட்டி போட்ட தாயைத் தேடிப் போவாள். புதுத் தாய் மோந்து பார்த்துக் கடித்துவிடக் கூடாதே என்று, அதன் படுக்கை வைக்கோலாலேயே குட்டிகளைத் தேய்த்துவிட்டுப் பக்கத்தில் விடுவாள். முதல் நாளோடு நிறுத்தவும் மாட்டாள். சவலையாகப் போன குட்டி கண்ணில் பட்டால் பத்தாம் நாள்கூடத் தூக்கிக்கொண்டு வேறு தாயிடம் போவாள். சில குட்டிகளுக்கு மூன்று அம்மா, நான்கு அம்மா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லாரும் இதற்காகத்தான் அவளைப் பாராட்டினார்கள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு எல்லாம் தலைகீழாகப் போனது. தாய்ப்பன்றிகள் இரண்டு நாள் தீவனத்தைத் தொடாமல் படுத்துக் கிடந்தன. அப்புறம் நாள் நிறையாமலே குட்டி போட்டன. பாதிக் குட்டிகள் கறுத்துச் சுருங்கிச் செத்தே விழுந்தன. உயிரோடு வந்தவை மூச்சு வாங்கின. அவள் கையில் எடுத்து ஊதி ஊதிப் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை.

காலை ஏழு மணிக்கு உடை மாற்றும் அறைக்கு முன்னால் வேலையாட்கள் நாற்பது பேரும் வரிசையில் நிற்பது அங்கே வழக்கம். ஒரு நாள் அந்த வரிசைக்கு முன்னால் மேலாளர் வந்து நின்று பேறுகாலத்தக்காவைக் கைகாட்டினார்.

"இவங்க தம்பி வீட்டுல நாலு பன்னி இருக்கு. ஞாயித்துக்கிழமை அங்க போறாங்க, திங்கக்கிழமை இங்க வராங்க. நோய் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இனிமே நான் வேற சொல்லணுமா?"

நாற்பது பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சாயங்காலம் ஒரு தாளை நீட்டினார்கள். 'என் கவனக்குறைவால்தான் பண்ணைக்கு நோய் வந்தது' என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் கொட்டகை கழுவுகிற வேலையாவது மிஞ்சும், போடாவிட்டால் அதுவும் இல்லை. சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளின் மேலாளர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஒருவரும் அவளைப் பன்றியின் பக்கம் நெருங்க விடமாட்டார்கள் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

கணவர் லாரி மெக்கானிக், வம்பு தும்புக்குப் போகாத மனுஷர். "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வாயேன்" என்றார்.

"கையெழுத்துதானேவா? உங்க பட்டறையில எவனோ பிரேக்க பிடுங்கிட்டு உங்கள கையெழுத்து போடச் சொன்னா போடுவீங்களா?"

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். வேறென்ன செய்வார்?

அவள் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து, பன்றிகளுக்கு ரத்தம் எடுக்கக் கால்நடை மருத்துவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, சிடுசிடுப்புக்காரி. ரத்தம் எடுக்க யார் வந்தாலும் வாசலை ஒட்டிய கொட்டகைக்கு அழைத்துப் போவதுதான் பண்ணையின் நடைமுறை. விற்பனைக்கு வைத்திருக்கும் இளம்பன்றிகள் அங்கே குளித்து முழுகி மாப்பிள்ளை பார்க்க வரப்போவது போல நிற்கும். பல ஈத்து கண்ட கிழங்கள் எல்லாம் கடைசி வரிசையில். அதற்கு 'மாமியார் வரிசை' என்று பேர். அந்தப் பக்கம் யாரையும் விடுவதில்லை.

பேறுகாலத்தக்கா வழியை மறித்தாள்.

"டாக்டரம்மா, மாமியாருங்களையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க. அப்புறம் என் தம்பி வீட்டுக்கும் வாங்க. அந்த நாலுக்கும் எடுங்க."

மேலாளர் சிரித்துவிட்டார். "அக்கா தனக்குத்தானே குழி தோண்டிக்கறாங்க!"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த நாலில் ஒன்றுக்கு நோய் இருந்தாலும் அவள் கதை முடிந்தது. மருத்துவர் மாமியார் வரிசையிலும் ரத்தம் எடுத்துக்கொண்டு, தம்பி வீட்டுக்கும் வந்தார். "உன் வம்புக்கு என் பன்னிதான் கெடச்சுதாக்கா?" என்று தம்பி கத்தினான். கத்திக்கொண்டே ஒவ்வொரு பன்றியின் காதையும் ஊசிக்குப் பிடித்துக் கொடுத்தான்.

ஒன்பது நாள் முடிவு வரவில்லை. பத்தாம் நாள் முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவர் தாளைப் பிரித்தார். பண்ணையில் முப்பது பன்றிக்கு எடுத்ததில் இருபத்தாறுக்கு வைரஸ் தொற்று. குட்டிக் கொட்டகை ஆட்கள் கால் வைக்கவே கூடாத வாசல் கொட்டகையிலும் இருந்தது. தம்பியின் நாலும் சுத்தம்.

"இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல சார்" என்றார் மருத்துவர். "இந்த வருஷம் நான் பாத்த இனப்பெருக்கப் பண்ணைல இது இல்லாதது ஒண்ணோ ரெண்டோ. பெரிய பன்னிங்க பல சமயம் நல்லாத்தான் திங்கும், தூங்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. வயித்துக்குள்ள இருக்கற குட்டிதான் போகும். வாங்கிட்டு வர பன்னியோட வந்திருக்கும், இல்லன்னா சினை ஊசிக்கு வாங்கற விந்தோட வந்திருக்கும். இந்தம்மா கொண்டு வந்தாங்கன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல."

ஆனால் மருத்துவர் முடிக்கவில்லை.

"ஆனா பொறந்த குட்டிங்களுக்கு இவ்வளவு வேகமா பரவியிருக்கே. பத்து நாள் குட்டியக்கூட தாய் மாத்தி விடறது யாரு? நோயுள்ள குட்டிய நாலு அறைக்குத் தூக்கிட்டுப் போனா நாலு அறைக்கும் போகும்."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளுக்குக் கன்னத்தில் பளார் என்று விழுந்த மாதிரி இருந்தது. மடியில் கட்டித் தூக்கிப் போன சவலைகள் ஒவ்வொன்றும் கண்முன் வந்தன. காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எத்தனையைக் கொன்றேனோ என்று நினைத்தாள். கண் நிறைந்தது, துடைக்கவில்லை.

"நான்தான்" என்றாள்.

நாளை மறுநாள் இளம்பன்றி வாங்க ஆட்கள் வருகிறார்கள். முதலாளிக்கு அந்தக் கவலை. "சரி, விடும்மா. ரிசல்ட் இந்த ரூமோட இருக்கட்டும். நீயும் பேசாத, நாங்களும் பேசல. கையெழுத்து கேட்ட அந்தத் தாளை கிழிச்சிடறேன். போய் உன் வேலையப் பாரு."

"நாப்பது பேர் முன்னாடி சொல்லிட்டு, ரூமுக்குள்ள கிழிச்சா எப்படிங்க?"

"இத விட்டா உனக்கு வேற வழியில்ல."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி. மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். சொந்தக் கையெழுத்தில் எழுதிய தாளைப் பிரித்து உரக்க வாசித்தாள்.

"நாள் கடந்த குட்டிங்கள தாய் மாத்தினது நான். அதனால நோய் பரவிச்சு, குட்டிங்க செத்துச்சு. அது என் தப்பு. இனிமே முதல் நாளுக்கு அப்புறம் மாத்த மாட்டேன். ஆனா நோய நான் கொண்டு வரல. என் தம்பி பன்னிங்களுக்கு நோய் இல்ல. இங்க முப்பதுல இருபத்தாறுக்கு இருக்கு. வாங்க வர்றவங்க கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

மேலாளரின் முகம் சிவந்தது. "உங்கள யாரு பேசச் சொன்னது? வெளிய போங்க! இப்பவே!"

கொட்டகைக்குள் ஒரு தாய்ப்பன்றி முக்குகிற சத்தம் கேட்டது. அவள் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். ரப்பர் பூட்ஸை மாட்டி, வாசலில் இருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு காலையும் நன்றாக முக்கி எடுத்தாள். கதவைத் திறந்து உள்ளே போனாள். மேலாளர் விறுவிறுவென்று பின்னாலேயே வந்தார். அவள் திரும்பி நின்று வாசல் நிலையில் கையைக் குறுக்கே வைத்தாள்.

"அங்கயே நில்லுங்க சார். ரோட்டுல நடந்த ஷூவோட என் கொட்டகைக்குள்ள வராதீங்க."

மேலாளர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பின்னால் நின்ற நாற்பது பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.