பீரோவைத் தொடாத ஏட்டம்மா

காலிங் பெல்லை அழுத்திவிட்டுக் கொஞ்சம் விலகி நிற்கிறார் நாகம்மா. "ஏம்மா, போலீசு வந்துகீறோம். நைட்டி மேல ஒரு துண்ட போட்டுகினு மெதுவா வந்து தொற" என்று மூடிய கதவைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். பின்னால் லத்தியோடு நிற்கும் ஆண் போலீசார் பல்லைக் கடிக்கிறார்கள். கடித்தால் கடிக்கட்டும் என்று அவர் பாட்டுக்கு நிற்கிறார்.

திருவேற்காட்டிலேயே பிறந்த பெண் ஏட்டு. "நீங்க ஏசி போட்டு தூங்கற எடத்துலதான் எங்க மாட்ட கட்டிக்கினு இருந்தோம்" என்று எங்கள் குடியிருப்புக்காரர்களைச் சீண்டுவதில் அவருக்கு அலாதி சுகம். வாயில் எப்போதும் கிராம்பு. தன்னைவிடச் சின்னவர்கள் யாராக இருந்தாலும், சங்கிலி அறுத்தவனாகவே இருந்தாலும், அவருக்கு 'நைனா'தான்.

போன மாதம் பூந்தமல்லியில் ஒரு நகைக்கடைக் காவலாளியைக் குத்திக் கொன்றவன் எங்கள் பகுதியில் பதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. தெருக்களை அடைத்துவிட்டார்கள். பால் வாங்கப் போனவர்களின் செல்போனைக்கூட வாங்கிக் குடைந்தார்கள். தாடி வைத்திருந்த குற்றத்துக்காகப் பானிபூரிக் கடைப் பையன்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். கொலைகாரன் அல்லவா, நன்றாகத் தேடட்டும் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், என் வீட்டுப் பெல் அடிக்கும்வரை!

நாகம்மா எங்கள் பீரோவில் கை வைக்கவில்லை. "ஒங்க ஊடு, ஒங்க கையாலயே தொறங்கம்மா. நான் பாத்துக்கினு மட்டும் கீறேன்" என்றார். என் உள்ளாடைத் தட்டு வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்படியும் ஒரு போலீசா என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்த மரியாதைதான் அடுத்த தெருவில் வினையாகிவிட்டது. அங்கே ஒரு வீட்டில் பெல் அடித்தார். "குளிச்சிட்டிருக்கேன்" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. நாகம்மா காத்திருந்தார். அதே வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன் பெல் சத்தம் கேட்டுப் பின்சுவரைத் தாண்டிக் குதித்து ஓடினான். மெயின் ரோட்டில் மதுரைவீரனின் ஆட்டோவுக்குள் பாய்ந்தான். மதுரைவீரன் எங்கள் தெருவின் வாடிக்கை ஆட்டோக்காரர். வண்டியை எடுக்க மாட்டேன் என்று மல்லுக்கட்டியதில் கத்தி அவருடைய இடது உள்ளங்கையைக் கிழித்தது. ஓடியவன் அன்று மாலையே ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கம் பிடிபட்டான். ஊர் மூச்சுவிட்டது. நாகம்மாவுக்கு மெமோ வந்தது. "பெல் அடிச்சிட்டு நிக்கறதுக்கு, சீர்வரிசையா எடுத்துட்டுப் போனீங்க?" என்று இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாலும் கத்தினாராம்.

மறுநாள் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாகம்மா எனக்கு முன்பே வந்து கட்டிலருகே நின்றிருந்தார்.

"எவளோ குளிக்கிறான்னு நீ மரியாத குடுத்துக்கினு நின்ன ஏட்டம்மா. கிழிஞ்சது என் கை. இனிமே ஹேண்டில் புடிக்க முடியுமான்னு டாக்டரே சொல்ல மாட்றாரு" என்றார் மதுரைவீரன்.

"தப்புதான் நைனா" என்றார் நாகம்மா. எனக்கும் அவர்மேல் கோபம்தான். முந்தின நாள் மனசு நிறைந்ததெல்லாம் எங்கே போனதோ!

வராந்தாவுக்கு வந்ததும் நாகம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்: "இனிமே கதவைத் தள்ளிக்கிட்டுப் போயிடுவீங்களா?"

"தெரிலம்மா. அவன் கைய பாத்தா ஒடைச்சிக்கினு போயிருக்கணும்னு தோணுது. குளிக்கிறவ ஊட்ல ஆம்பளைங்கள கூட்டிக்கினு பூந்தா நான் இன்னா பொம்பள? ரெண்டும் நெஞ்ச அடைக்குது."

நாங்கள் திரும்பியபோது ஊசியின் மயக்கத்தில் மதுரைவீரன் தூங்கிப்போயிருந்தார். எஸ்.ஐ. ஸ்ரீராம் வந்திருந்தார், சின்ன வயசுக்காரர். ஆட்டோ அங்கே சும்மா நிற்கவில்லை, கொலைகாரனை ஏற்றிக்கொள்ளத்தான் காத்திருந்தது என்று அவருக்குச் சந்தேகம்.

"ஃபோனைப் பாத்தா தெரிஞ்சிடும். அவன் எழுந்தா தகராறு பண்ணுவான். தூங்கறப்பவே விரலை வெச்சு லாக்கை எடுத்துக் குடுங்க. உங்க மெமோ விஷயமா நான் இன்ஸ்பெக்டர்கிட்ட பேசறேன்" என்றார்.

நாகம்மா ஸ்டூலிலிருந்த ஃபோனை எடுத்தார். மதுரைவீரனின் கட்டுப் போடாத வலது கையைத் தூக்கினார். அடப்பாவி, இவரும் இப்படித்தானா!

"சீக்கிரம்" என்றார் ஸ்ரீராம்.

நாகம்மா அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினார். பிறகு குனிந்து, தூங்குகிறவரின் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பத் தொடங்கினார்.