கதவுக்கு முட்டுக் கொடுத்த இரும்புக் கட்டி

எங்கள் தீவில் பார்ப்பதற்கு மொத்தம் ஐந்து இடங்கள். ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது, ஆனால் மேலே ஏற முடியாது. படிக்கட்டைப் பூட்டி ஒன்பது வருஷமாகிறது. வடக்கே சிப்பி ஒதுங்குகிற கடற்கரை. தண்ணீர் வற்றும்போது எதிரே இருக்கும் குட்டித் திட்டுக்கு நடந்தே போகிற மணல் பாதை. பறவைகள் உட்காருகிற பாறை. படகு கட்டும் கொட்டகை. வாடகை சைக்கிளை எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். படகு காலை பத்து மணிக்கு வரும், திரும்பிப் போவது நான்கு மணிக்கு. மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அலைகிற கூட்டமெல்லாம் ஒருநாள் செருப்புக் காலோடு என் வீட்டுக்குள் வந்து நின்றது.

அதற்கு முன் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷம் அந்தப் படகில் கயிறு போட்டவர். படகு துறைக்கு வரும்போது கயிற்றை வீசிக் கட்டுவதும், பலகையில் இறங்குகிறவர்களுக்குக் கை கொடுப்பதும்தான் அவர் வேலை. கையைப் பிடித்து இறங்குகிற ஒவ்வொருவரும் கேட்பது ஒரே கேள்விதான், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று. இவர் ஆளைப் பார்த்துப் பதில் சொல்வார். குழந்தை குட்டியோடு வந்தால் சிப்பிக் கடற்கரை. புதுசாகக் கல்யாணமான ஜோடி என்றால் மணல் பாதை, ஆனால் தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று கண்டித்து அனுப்புவார். முட்டி வலிக்காரர்களைப் படகுக் கொட்டகைக்கு அனுப்புவார், அங்கே உட்கார பெஞ்சு உண்டு. ஊரே இவரைக் கயிற்றுக்காரர் என்றுதான் கூப்பிடும். பொருத்தமான பெயர்தான். கயிறு திரிப்பதிலும் இவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வயசாகிவிட்டது, வீட்டில் இருங்கள் என்று போன வருஷம் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு முன்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். பத்து மணிக்குப் படகு ஊதினால் எழுந்து நிற்பார், பிறகு உட்கார்ந்துவிடுவார். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, கடைசியில் 'ம்' மட்டும் மிஞ்சியது. டாக்டர் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை, நாலு பேரோடு பேச வையுங்கள் என்றார். நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. அதே முன்னறையில் மெஷின் போட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறவள். ஏழு மாசம் அந்த மெஷின் சத்தத்தையும் என் சத்தத்தையும் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. இந்த மனுஷன் இப்படியே வாய் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயந்துபோனேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். அதனால் தினமும் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள், நான் தலை நிமிராமல் காலர் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு பேர் தடதடவென்று நுழைந்து, சுவரைப் பார்க்கிறார்கள், உத்தரத்தைப் பார்க்கிறார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, பக்கத்திலிருந்த மனைவியிடம், "அப்படியே ஆள் மாதிரியே செஞ்சு வெச்சிருக்காங்க, பாரேன்" என்றார். யார் வேண்டும் உங்களுக்கு என்று நான் கேட்டதும் அந்த அம்மாள் துள்ளிப் பின்னால் போனாள்.

போனைக் காட்டினார்கள். மேப்பில் என் வீட்டுக் கூரை மேல் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் 'படகு மியூசியம்' என்று எழுதியிருந்தது. எப்படி வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுற்றுலா அலுவலகம், துறைக்குப் பக்கத்தில் மியூசியம் கட்டப் போகிறோம், பழைய போட்டோ இருந்தால் கொடுங்கள் என்று படகில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு படிவம் கொடுத்தது. இவர் மட்டும்தான் ஒரு போட்டோவை ஒட்டி, முகவரி என்ற இடத்தில் எங்கள் வீட்டு முகவரியை அழகாக எழுதிக் கொடுத்தார். மியூசியத்துக்கு இன்றுவரை ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அதன் முகவரி மட்டும் அலுவலகத்தில் பத்திரமாக இருந்து மேப்பிலும் ஏறியிருக்கிறது, எங்கள் வீடாக.

வெளியே போங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் தொப்பிக்காரர், கதவடியில் கிடந்த இரும்புக் கட்டியைக் காட்டி, இது என்னங்க என்று இவரிடம் கேட்டுவிட்டார். ஏழு மாசம் 'ம்' மட்டும் சொன்ன மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அதுவா? அது முழுகிப்போன கப்பல்ல இருந்து எடுத்தது. நூறு வருஷம் இருக்கும்."

கடல் காற்றுக்குக் கதவு படார் படார் என்று அடிக்கிறது என்று பழைய இரும்புக் கடையில் நானே பொறுக்கி எடுத்து வந்த கட்டி அது. அப்போதே, அந்த ஆறு பேர் முன்னாலேயே சொன்னேன். எனக்குப் பொய் கேட்டால் உடம்பெல்லாம் எரியும். இவர் கொஞ்சமும் அசரவில்லை. அவள் அப்படித்தான் சொல்லுவாள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் சண்டையும் மியூசியத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

அதற்குப் பிறகு என் வீடு என் வீடாக இல்லை. படகு வந்த அரை மணியில் ஆள் வந்துவிடும். இரும்புக் கட்டிக்குத் திங்கட்கிழமை நூறு வயசு என்றால் வெள்ளிக்கிழமை நூற்றைம்பது. என் மாமியாரின் ஓடாத கடிகாரம் புயலில் நின்றுபோன கடிகாரம் ஆனது. என் தையல் மெஷினில் பாய்மரத்துக்குப் பாய் தைத்தார்களாம். அதோடு என்னையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண் என் பீரோவைத் திறந்து, இது எந்தக் காலத்துப் புடவை என்று கேட்டாள். மியூசியத்தில் பாத்ரூம் இருக்குமே என்று நேராகக் கொல்லைப் பக்கம் போனவர்கள் எத்தனையோ பேர். யாரோ மேப்பில் கருத்து வேறு எழுதியிருந்தார்கள்: 'சின்ன இடம். ஐயா அருமை. தையல்காரம்மா சிடுசிடுப்பு. மூன்று நட்சத்திரம்.' தினமும் இரண்டு வேளை கூட்டிப் பெருக்கித் துடைக்கிறவள் நான், எனக்கு மூன்று நட்சத்திரமா?

இவரோ வேளாவேளைக்குச் சாப்பிட்டார். ஒன்பது மணிக்கே ஷேவ் செய்து இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக நின்றார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. என் அக்கா மகள் அக்கரையில் அந்தச் சுற்றுலா அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள். அந்தப் புள்ளியை எடு, எடு என்று இரண்டு மாசம் அவளைத் துளைத்தெடுத்தேன். ஒருவழியாக ஒருநாள் போன் செய்தாள்.

"எடுத்தாச்சு சித்தி. இனிமே ஒரு ஈ காக்கா வராது. நிம்மதியா இருங்க."

நிம்மதியாகத்தான் இருந்தேன், முதல் நாள். பதினொரு சட்டை தைத்து முடித்தேன். இவர் இரும்புக் கட்டியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். பத்தரை, பதினொன்று, பன்னிரண்டு ஆனது. ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் காத்திருந்தார். மூன்றாம் நாள் ஷேவ் செய்யவில்லை. நான்காம் நாள் தட்டில் பாதியை அப்படியே ஒதுக்கினார்.

"ஏம்மா, இன்னிக்குப் படகு வரலையா?" என்றார்.

ஜன்னலில் உட்கார்ந்து படகு வந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தவர். வந்துதே என்றேன். அப்படியா என்றுகூடக் கேட்கவில்லை. 'ம்' என்று திரும்பிக்கொண்டார். நான் செய்த வேலையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வாயை நானே அடைத்துவிட்டேன்.

அக்கா மகளுக்குப் போன் போட்டு, திரும்பப் போடு என்றேன். என்னோடு விளையாடுகிறீர்களா சித்தி, இதை எடுப்பதற்குள் என் உயிர் போய்விட்டது என்று அவள் கத்தினாள். திரும்பப் போட வேண்டுமானால் அங்கே மியூசியம் இருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டுமாம். அத்தாட்சிக்கு நான் எங்கே போவேன், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷனையா தூக்கிக் காட்ட முடியும்?

ஐந்தாம் நாள் படகு ஊதியதும், கையில் இருந்த சட்டையைப் பாதியில் விட்டேன். கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே துறைக்கு நடந்தேன். இப்போது பலகை இல்லை, இரண்டு பக்கமும் கம்பி போட்ட இரும்புப் பாலம்தான். யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை. ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மாளுக்கு முட்டி வலி போல, கடைசிப் படியில் தயங்கி நின்றாள். கையை நீட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியதும் அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

ஐந்து இடத்தையும் சொன்னேன். கலங்கரை விளக்கத்தில் ஏற முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

"அப்புறம் ஒரு மியூசியம் இருக்கு. மேப்புல காட்டாது. கிட்டதான், வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

வீட்டில் இவர் முள்தாடியும் கசங்கிய பனியனுமாக உட்கார்ந்திருந்தார். ஆள் வந்திருக்கிறார்கள், சட்டையை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று ஒரு அதட்டல் போட்டேன். வந்தவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய், பட்டனை மாற்றிப் போட்ட சட்டையோடு வெளியே வந்தார். கடிகாரத்தில் ஆரம்பித்தார். முதலில் குரலே எழவில்லை. புயல் அடிக்க ஆரம்பித்ததும் குரலும் எழுந்துவிட்டது. நான் மெஷினில் உட்கார்ந்து, விட்ட சட்டையைக் கையில் எடுத்தேன்.

கடைசியாகக் கதவருகே போனார்.

"இது முழுகிப்போன கப்பல்ல இருந்து எடுத்தது. இருநூறு வருஷம் இருக்கும்."

சொல்லிவிட்டு நிறுத்தி என் பக்கம் பார்த்தார். வழக்கமாக நான் கத்துகிற இடம் அது. அந்த அம்மாளும் என்னிடம் திரும்பி, நிஜமாகவா என்று கேட்டாள்.

"இருநூத்திப் பத்து" என்றேன்.

அவர் நிமிர்ந்து நின்றார். பிறகு வந்தவர்களிடம் சொன்னார்:

"அவ சொன்னா சரியா இருக்கும். அவளுக்குப் பொய் சொல்ல வராது."