ஒரு வேலைக் கடிதத்துக்கு மூன்று வருசம்

கடிதம் பிரிக்கிற வேலைக்குக் கண்ணும் விரலும் போதும், வாய் தேவையில்லை என்று முதல் நாளே சொன்னார்கள். நான் வாயையும் கொண்டுபோனதுதான் என் பிழை.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்கு வந்து, கம்பனிகளுக்குக் கூலிக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு என்று சீவித்த உங்கள் எல்லாருக்கும் இது பழகின கதைதான். மிசிசாகாவில் ஒரு கம்பனி. வங்கிகளும் கடைகளும் அனுப்புகிற கடிதங்களை மூட்டையாக வாங்கி, தபால் குறியீட்டின்படி பிரித்துக் கட்டிக் கொடுப்பது அதன் தொழில். மூன்று வருசம் அங்கே நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், கதிரை கிடையாது.

ஊரில் நான் தபால் கந்தோரில் கிளாக். அங்கே நியமனக் கடிதம் கையில் வந்த பிறகுதான் வேலை தொடங்கும். இங்கேயும் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். என் மனுசன் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார். அவரை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட, நான் இத்தனை காலமாக வேலை செய்கிறேன் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்குப் பட்ட பாட்டைத்தான் சொல்கிறேன். இங்கிலிஷில் கேட்டவற்றைத் தமிழில் தருகிறேன். மரியாதையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் போகாத நாள்

ஏஜென்சி விடிய ஐந்து மணிக்குப் போன் அடிக்கும். எங்கள் அப்பார்ட்மெண்டில் மூன்று குடும்பத்துக்கு ஒரு போன். உடனே எடுக்காவிட்டால் லிஸ்டில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறைக் கலா எடுத்தாள். யாராக இருந்தாலும் கீழே வந்து வான் வண்டியில் ஏறு என்றாளாம் ஏஜென்சிக்காரி. கலாவும் ஏறிவிட்டாள். அதுவரை ஒரு கடிதமும் பிரித்தறியாதவள், அன்று முழுவதும் என் பெயரில் நின்றுவிட்டு வந்தாள். அவளில் எனக்குக் கோபமில்லை. அவளும் வாடகை கட்ட வேண்டும்.

அடுத்த நாள் சூப்பவைசரிடம் போய், நேற்று வந்தது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்றரை வருசமாக என் மேசைக்கு முன்னால் நடந்து திரிகிற மனிதன். பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுச் சொன்னான்:

“நேற்று நல்லாச் செய்தனீ. இண்டைக்கும் அப்பிடியே செய்.”

வான் நின்ற ஒரு மணித்தியாலம்

ஸ்காபரோவில் இருந்து எங்களை ஏற்றிப்போனவர் சிவபாதம் அண்ணை. எங்கள் ஆள்தான். வான் காசை ஏஜென்சி எங்கள் சம்பளத்தில் வெட்டி அவருக்குக் கொடுக்கும். ஒரு தை மாதம், நாலு-பூச்சியம்-ஒன்று நெடுஞ்சாலையில் வான் படுத்துவிட்டது. ஹீட்டரும் இல்லை. எட்டுப் பெண்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் விறைத்தோம். பிந்தி வந்ததற்குக் கம்பனி ஒரு மணித்தியாலச் சம்பளத்தை வெட்டியது. வான் காசு மட்டும் ஒரு சதம் குறையாமல் வெட்டுப்பட்டிருந்தது.

“இது என்ன நியாயம் அண்ணை?” என்று கேட்டேன். அவர் வான் கண்ணாடியைத் துடைத்தபடி, முகத்தில் ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார்:

“தங்கச்சி, வான் நிண்ட நேரத்துக்கு நான் உங்களிட்டை மேலதிகமா ஏதும் கேட்டனானே?”

பழக்கிவிட்டவள்

ஒரே மேசையில் இரண்டு சாதி. நீலக் கோட்டுப் போட்டவர்கள் நிரந்தரம். அவர்களுக்குச் சுகயீன லீவு, பல்லுக்குக் காப்புறுதி, எங்களைவிட ஒன்றரை மடங்கு சம்பளம். நாங்கள் ஏஜென்சி, கோட்டே இல்லை. றிச்மண்ட் ஹில்லோ பிறம்ரனோ, தெருவின் பெயரைச் சொன்னால் புத்தகம் பாராமல் குறியீட்டைச் சொல்கிறவள் நான். அதனால் கெவின் என்ற புது ஆளைப் பழக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. முதல் நாளே நீலக் கோட்டோடு வந்தான். இரண்டு கிழமை பழக்கினேன். கெட்டவன் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

“நீ இவ்வளவு நல்லாச் செய்யிறாய், உனக்கு ஒரு நிரந்தர வேலையில விருப்பமில்லையோ?”

எங்கள் கெட்டித்தனம்

இதில் பிழை எங்களுடையது. அன்றன்றைய கடிதம் முடிந்தால் ஏஜென்சி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நின்ற மணித்தியாலத்துக்குத்தான் சம்பளம். அது தெரிந்தும் நாங்கள் எட்டுப் பேரும் பேய் மாதிரிப் பிரிப்போம். மேலதிகாரி பார்க்கிறார் என்றால் கை தானாக ஓடும், அப்படி வளர்ந்துவிட்டோம். கெட்டிக்காரிகள் என்று பெயர் எடுத்தால் நிரந்தரமாக்குவார்கள் என்ற நப்பாசையும் இருந்தது. எட்டு மணித்தியால வேலையை ஐந்தரையில் முடித்துவிட்டு, ஐந்தரைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பெருமையோடு வானில் ஏறுவோம். நீலக் கோட்டுக்காரர்கள் மிச்ச நேரம் தேத்தண்ணி குடிப்பார்கள். அவர்களில் ஒருத்தி, ஜமேக்காவில் இருந்து வந்த டோறிஸ்தான் பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் சொன்னாள்:

“கடிதத்தை இல்லை, உங்கட சம்பளத்தைத்தான் நீங்கள் ஓடி ஓடி முடிக்கிறியள்.”

பதினொரு நாள்

கடிதம் கேட்டுச் சூப்பவைசரிடம் போனால், நீ ஏஜென்சி ஆள், அங்கே கேள் என்றான். ஏஜென்சியில் கேட்டால், நீ வேலை செய்வது கம்பனியில், அங்கே கேள் என்றார்கள். ஐந்து மாதம் இப்படி உருட்டினார்கள். லொட்ஜில் இருந்து மனுசன் போன் எடுக்கும்போதெல்லாம், அடுத்த கிழமை என்று பொய் சொன்னேன்.

கடைசியில் ஏஜென்சி ஒரு கடிதம் தந்தது. வாசித்தேன். நான் அங்கே பதினொரு நாளாக வேலை செய்கிறேனாம். எங்களுக்கு உரிமை ஏதும் வந்துவிடக் கூடாது என்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடதாசியில் எங்களை நிற்பாட்டி, மறுநாள் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று வருசம் அம்மா, என் கால் வீக்கத்தைப் பாருங்கள் என்றேன். ஏஜென்சிக்காரி தலையை நிமிர்த்தவில்லை.

“அதில பிழை ஒண்டும் இல்லை. கடைசியாச் சேர்ந்த திகதியைத்தான் போட்டிருக்கிறன்.”

டோறிஸின் வேகம்

மார்கழியில் கடிதம் மலையாகக் குவியும். ஒரு வெள்ளிக்கிழமை வானில் வைத்து ஒன்பது பேரும் பேசிக்கொண்டோம். அதற்குள் கலாவும் எங்களோடு வரத் தொடங்கியிருந்தாள். “இண்டைக்கு டோறிஸ் அக்காவின்ரை வேகத்திலை செய்வம்” என்றாள் அவள்தான். வேலையை நிறுத்தவில்லை, ஒரு கடிதத்தையும் மாற்றிப் போடவில்லை. நீலக் கோட்டுக்காரர் செய்கிற அளவுக்கு மட்டும் செய்தோம். மூன்று மணிக்குக் கடிதம் ஏற்றுகிற லொறி வாசலில் வந்து நின்றது. மேசையில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

சூப்பவைசர் ஓடி வந்தான். எனக்கு ஒரு கடிதம் வேண்டும், அது கையில் வந்தால் விரல் ஓடும் என்றேன். மற்ற எட்டுப் பேரும் தலை நிமிரவில்லை. கத்தினான். பிறகு லொறிக்காரன் கத்தினான். பிறகு உள்ளே போய், பழைய பதிவுகளைக் கிளறி, கம்பனித் தாளில் அடித்துக் கொண்டுவந்தான்: மூன்று வருசம் இரண்டு மாதம். நீட்டும்போது என் முகத்தை முதல்முறையாகப் பார்த்தான்.

“மூண்டு வருசமோ? நீ போன மாதம் வந்தனீ எண்டெல்லோ நான் நினைச்சன்.”

சனிக்கிழமை கடிதத்தை லோயரிடம் கொடுத்தேன். திங்கள் விடிய ஐந்து மணிக்குப் போன் அடித்தது. கலாவைக் கேட்டார்கள், என்னைக் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

வேலை இருந்த மூன்று வருசமும் கடிதம் இல்லை, கடிதம் வந்தபோது வேலை இல்லை. ஆனாலும் மனுசன் வந்து இறங்கிவிட்டார், அதனால் விடிய ஐந்து மணிக்கு அந்தப் போனுக்குப் பக்கத்தில் இரண்டு பேராகக் குந்தியிருந்தோம்.