பேனரில் ஐந்தாவது முகம்

கோலாலம்பூரின் சுவர்களில் செத்தவர்கள் இல்லை. வந்து நான்கு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. மதுரையில் பால் வாங்கப் போகிற வழியிலேயே யார் வீட்டில் துக்கம் என்று தெரிந்துவிடும். போஸ்டரில் இறந்தவர் படம் இருக்கும், அதன்கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருக்கும், அதற்கும் கீழே அஞ்சலி செலுத்துகிறவர்கள் வரிசையாகக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்பார்கள். இங்கே இறந்தவர் நாளிதழில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக இருப்பார், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வருவார். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் அழகு நிலையத்துக்கு நடந்து போகும்போது அந்தச் சுத்தமான சுவர்களைப் பார்த்து, இந்த ஊரில் யாருமே சாவதில்லை போல என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கிறேன்.

பாடகர் பரிதி இறந்த செய்தி வந்தபோது நான் நூலைப் பல்லில் கடித்தபடி ஒரு அம்மாவுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். உடன் வேலை செய்யும் ஷாமினி, இங்கேயே பிறந்த கிள்ளான்காரி, போனைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சென்னையில் காலையில் குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லையாம். என் வாயிலிருந்த நூல் நழுவியது. அந்த அம்மா ஒரு புருவம் திருத்தியும் மறுபுருவம் திருத்தாமலும் எழுந்து எங்களோடு சேர்ந்து அழுதார்.

"பாட்டுக்காரன்தானே லா, சொந்தக்காரனா?" என்றார் கடை முதலாளி பரிமளா அக்கா, இந்த ஊர்க்காரர்களுக்கே உரிய 'லா'வோடு. நல்லவர்தான், ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. சொந்தக்காரர்கள் மாதம் ஒருமுறை கூப்பிட்டு, அங்கே செல்போன் என்ன விலை என்று கேட்பார்கள். கடைக்கு மேலே இரண்டு அறையில் ஆறு பெண்கள் தங்கியிருக்கிறோம். மொழி தெரியாமல், பஸ் ஏறத் தெரியாமல் குமைந்து கிடந்த நாட்களில் தினமும் காலையில் எங்களை எழுப்பி வேலைக்கு அனுப்பியது பரிதியின் குரல்தான். எனக்கு அவர் சொந்தம்தான். இதை யாரிடமும் கூச்சப்படாமல் சொல்வேன்.

அவருக்கு ஒரு பேனர் வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் விளக்கேற்றிப் பாட வேண்டும் என்று முடிவு செய்தோம். மாடிப்படிப் பக்கச் சுவர் கடைக்குச் சொந்தமானது, அதனால் அக்காவும் அரைமனதாகச் சரி என்றார். மேலே பரிதி, கீழே வரிசையாக மாடியில் தங்கியிருக்கும் ஆறு பேர், ஷாமினி, இன்னொரு உள்ளூர்ப் பெண் என எங்கள் எட்டுப் பேரின் முகங்கள், அதில் ஐந்தாவது என்னுடையது. முகம் இல்லாத அஞ்சலி பேனரை நான் பார்த்ததே இல்லை.

இதில் எனக்கு ஒரு பழைய வீம்பும் இருந்தது. மதுரை செல்லூரில் எங்கள் தெருவுக்குப் பரிதி ரசிகர் மன்றம் இருந்தது. என் அண்ணன்தான் தலைவர். பரிதியின் பிறந்தநாள் பேனருக்கு வாசகம் எழுதியவள் நான், தெருப் பெண்களைத் திரட்டிக் கூழ் காய்ச்சி ஊற்றியவள் நான். பேனரில் மட்டும் ஒன்பது ஆண்கள். ஒருவர் ஊரிலேயே இல்லை, துபாயிலிருந்து படம் அனுப்பியிருந்தார். "என் படம் எங்கண்ணே?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "பொம்பளப்புள்ள படம் செவுத்துலயா? நீ செத்தாத்தான் வரும்" என்றான். கூட இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களில் ஆறு பேரிடம் இருந்த நல்ல படம், வேலை பெர்மிட்டுக்காக எடுத்தது மட்டுமே. நீலப் பின்னணியில், சிரிக்காமல், காது தெரிய முறைத்துக்கொண்டிருப்போம். கிள்ளானில் ஒரு சீன அங்கிளின் அச்சகத்தில் ஷாமினியின் அம்மா மூலம் கொடுத்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது. பரிதியை வண்ணத்தில் விட்டுவிட்டு, எங்கள் எட்டுப் பேரையும் கறுப்பு வெள்ளையாக்கி, ஒவ்வொருவரைச் சுற்றியும் வெள்ளைப் பூ வளையம் வைத்துக் கொடுத்தார். நாங்கள் அழகுக்காகச் செய்திருக்கிறார் என்று நினைத்து நன்றி சொல்லியனுப்பினோம். அவர் என்னவோ மிகவும் மெதுவாகப் பேசினார் என்று ஷாமினியின் அம்மா சொன்னார், அதுவும் எங்களுக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பேனரைக் கட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கக் கீழே இறங்கினேன். தினமும் எனக்குப் பொட்டலம் கட்டித் தரும் மலாய்க்கார அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டார்.

"ஆவாக் ஹிடுப் லாகி?" என்றார். நீ இன்னும் உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிறார். பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பஸ் ஆக்சிடென் கா? செமுவா பெரெம்புவான்!" எல்லாம் பெண்களாயிற்றே, பஸ் கவிழ்ந்ததா என்று கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், செத்தது மேலே இருக்கிறவர், கீழே இருக்கிற நாங்கள் அழுகிறவர்கள் என்று சொன்னேன். "அழுகிறவர் படத்தை ஏன் போட வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

மத்தியானத்துக்குள் பரிமளா அக்கா மேலே ஏறி வந்துவிட்டார். "ஏன் லா, மாரி, இப்படி செஞ்சீங்க? கஸ்டமர் எல்லாம் போன் அடிக்கிறாங்க. ஐப்ரோ செய்யற பொண்ணு போயிடுச்சாமே, எப்படி ஆச்சுன்னு கேக்குறாங்க. உங்க மூஞ்சி மேல எல்லாம் வெள்ளப் பேப்பர் ஒட்டுங்க. பரிதி மட்டும் இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டான். யாரோ பேனரைப் படம் பிடித்து அனுப்ப, அது செல்லூர் வரை போய்விட்டது. அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை. அங்கே யாருக்கும் நான் செத்ததாகத் தோன்றவில்லை. பிரச்சினையே அதுதான்.

"யாரக் கேட்டு படத்தப் போட்ட? மன்றத்துப் பயலுக எல்லாம் காட்டிச் சிரிக்கிறானுக. கழட்டு மொதல்ல."

"கழட்ட மாட்டேன்."

"என்னது?"

"செத்தாத்தான் என் படம் வரும்னு சொன்னேல்ல. இந்த ஊருல எல்லாரும் நான் செத்துட்டேன்னுதான் நெனைக்கிறாங்க. உன் வாக்கு பலிச்சிருச்சுண்ணே, விடு."

போனை வைத்தேன். மனம் தெளிவாக இருந்தது. அக்காவிடம் திரும்பி, முகத்தில் ஒட்டுவதாக இருந்தால் நாளையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பெர்மிட்டில் இருக்கிறவள் முதலாளியிடம் பேசுகிற பேச்சா இது? ஷாமினிதான் நடுவில் புகுந்தாள். "பேப்பர் மூஞ்சிக்கு வேணாம் அக்கா, கீழ ஒட்டலாம்" என்று சொல்லி, ஒரு வெள்ளைத்தாளில் தமிழ், மலாய், சீனம் என மூன்று மொழியிலும் கொட்டை எழுத்தில் எழுதினாள்: இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். சீன எழுத்துக்கு அச்சக அங்கிளையே போனில் பிடித்தாள். எங்களைத்தான் செத்தவர்கள் என்று நினைத்திருந்த அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாராம். அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே போனார்.

ஞாயிறு சாயங்காலம் வாசல் நிறைந்துவிட்டது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். ஒற்றைப் புருவத்தோடு போன அம்மாவும் வந்தார். அக்கா கடையிலிருந்து நாற்காலிகளை இறக்கிப் போட்டார். நாசி லெமாக் அக்கா கடைசி வரிசையில் நின்றுகொண்டு, பேனரில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கூட்டத்தில் அந்த ஆள் இருக்கிறாளா என்று சரிபார்த்தார். பரிதியின் பாட்டைப் பாடினோம். ஸ்ருதி எங்கோ போனது. எட்டுப் பேரும் வாய்விட்டு அழுதோம், யாரும் அழுகையை அடக்கச் சொல்லவில்லை.

முடிந்ததும் பேனரில் என் முகத்துக்கு நேர்கீழே நின்று ஷாமினியைப் படம் எடுக்கச் சொன்னேன். மேலே பூ வளையத்துக்குள் பெர்மிட் படத்தில் முறைக்கிறவள், கீழே அழுது கண்மை கரைந்து சிரிக்கிறவள். அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். செல்லூர்க்காரர்களுக்கு மேலே இருக்கிறவளைப் பார்க்கக் கூச்சம். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் கீழே நிற்கிறவளைத் தொட்டுப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். அண்ணன் பார்த்துவிட்டான், நீலக் குறி விழுந்தது. பேனரை நான் இன்னும் கழற்றவில்லை.