வழக்கில்லாதவர்களுக்கு ஓர் அறை

அறுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை விடுமுறையில் ஊர்காவற்றுறைக்குக் கார்னிவல் வந்தது. நாங்கள் அப்போது அனலைதீவில் இருந்தோம். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு கடற்கரைக்குப் போனால் அக்கரையில் பெரிய ராட்டினத்தின் விளக்குகள் சுற்றுவது தெரியும். சிவப்பும் பச்சையுமாக ஒரு வளையம் ஏறி இறங்கும். காற்று வாகாக அடித்தால் ஒலிபெருக்கிப் பாட்டும் வந்து சேரும். ஏழு வயது மகனும் ஐந்து வயது மகளும் சாப்பாட்டுக் கோப்பைகளோடு கடற்கரைக்குப் போய், ராட்டினத்தைப் பார்த்தபடி சாப்பிடத் தொடங்கினார்கள். வீட்டில் ஒரு வாய் சோறு இறங்காதாம்.

கூட்டிக்கொண்டு போகலாம்தான். ஆனால் கார்னிவல் களைகட்டுவது இருட்டிய பிறகு. கடைசி வள்ளமோ பொழுதுபட முன்னரே கரையை விட்டுவிடும். ஆகவே ஓர் இரவு ஊர்காவற்றுறையில் தங்கவேண்டும். எங்கே தங்குவது என்ற கேள்வியில்தான் எங்கள் வீடு ஒரு கிழமை தூக்கமில்லாமல் இருந்தது.

என் கணவர் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார். வருசப்பிறப்புக்கு வந்து நின்றார். சரக்கெடுக்கப் போகும் இடங்களிலெல்லாம் விடுதிகளில் தங்கிப் பழகியவர். தலையணையை ஒருதரம் மூக்கில் வைத்து மணந்து பார்த்தால் விடுதி எப்படிப்பட்டதென்று சொல்லிவிடலாம் என்பது அவருடைய கட்சி. எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். எனக்கு மச்சாள். கணவனை இளமையிலேயே இழந்தவர். புகையிலைத் தோட்டத்தைத் தானே வரம்பில் நின்று செய்விப்பவர். கூலிக்கு வருபவர்கள் அவருடைய செருமலைக் கேட்டாலே குனிந்த தலை நிமிரமாட்டார்கள். மீன் இறைச்சி தொடுவதில்லை, பிறர் வீட்டுப் பாயில் படுப்பதில்லை, பிறர் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அவருடைய வழக்கம். கார்னிவலுக்குத் தான் வரப்போவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் எங்கே தங்குவது என்பதைத் தானே தீர்மானிப்பதாகவும் சொன்னார்.

கணவர் இடம் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் வள்ளமேறிப் போய், பின்னேரம் திரும்பி வந்து, குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். மச்சாள் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"வாடிவீடு திறமான இடம் அக்கா. வெள்ளைத் துணி விரிச்ச மேசை. கடலைப் பாத்த விறாந்தை."

"குசினிக்குள்ளை என்ன சமைக்கினம்?"

"எல்லாந்தான் சமைக்கினம்."

"எல்லாம் எண்டால்?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன். தங்குவிடுதியான வாடிவீடு அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது.

"கார்னிவல்காரரும் தகரத்தாலை அறை அடிச்சு விட்டிருக்கிறாங்கள். தூரத்திலையிருந்து வாறவைக்கு. கதவைத் திறந்தால் முன்னுக்கு ராட்டினம்."

பிள்ளைகள் இரண்டும் துள்ளி எழும்பின. அவர் கையைக் காட்டி அவர்களை இருத்தினார்.

"ஆனால் பின்சுவர் கொஞ்சம் அதிருது."

"ஏன் அதிருது?" என்றேன்.

"சுவருக்கு அங்காலை மரணக்கிணறு."

பலகையால் கிணறுபோல் உயரமாக வளைத்து, அதன் உட்சுவரில் ஒருவன் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவதுதான் மரணக்கிணறு. கணவர் வழக்கம்போல் தலையணையை மணந்துவிட்டு, கட்டிலில் படுத்தும் பார்த்திருக்கிறார். அந்த நேரம் சைக்கிள்காரன் ஓட்டிப் பழக்கம் எடுத்திருக்கிறான். கட்டில் தானாக நடந்து வாசலுக்கு வந்துவிட்டதாம். அறை காட்ட வந்தவன், "காத்துக்கு நல்லதுதானே ஐயா" என்றானாம்.

மச்சாள் கத்தியைக் கீழே வைத்தார்.

"நாரந்தனையிலை சொந்தக்காரர் இருக்கேக்கை, காசு குடுத்து ஆற்றையோ கட்டிலிலை படுக்க வேணுமோ?"

ஊர்காவற்றுறைக்குப் பக்கத்து ஊரான நாரந்தனைச் சொந்தக்காரர் தங்கமானவர்கள். அதுதான் கரைச்சல். ஒருமுறை அங்கே ஒரு செத்தவீடு விசாரிக்கப் போன நாங்கள், மூன்றாம் நாள்தான் வெளியே வர முடிந்தது. புட்டு அவிப்பார்கள், பிறகு இடியப்பம், பிறகு "இந்த வெயிலுக்குள்ளை எங்கை போறியள்?" என்று பாய் விரிப்பார்கள். அந்த வீட்டில் ஒன்பது பிள்ளைகள் வேறு. கார்னிவல் என்று வாயைத் திறந்தால் ஒன்பதும் எங்களோடு வரும். திறக்காவிட்டால் நாங்கள் கார்னிவலைப் பார்க்கவே மாட்டோம்.

கடைசியில் வழி எனக்குத்தான் கிடைத்தது. என்னோடு படிப்பித்த ஆசிரியை ஒருவர், நீதிமன்றத்துக்குப் பின்வீதியில் ஒரு வீட்டைச் சொன்னார். மரக்கறிச் சாப்பாடு, வெளுத்த விரிப்பு, நல்ல தண்ணீர்க் கிணறு. தீவுப்பகுதியில் நல்ல தண்ணீர் என்ற சொல்லுக்கு மேலே ஒரு சிபாரிசு இல்லை.

"தண்ணி உண்மையிலை நல்லதோ எண்டு நான் வந்து குடிச்சுப் பாத்தால்தான் தெரியும்" என்றார் மச்சாள். இப்படித்தான் அவரும் வந்தார். தன் தலையணை, தன் பாய், தன் செம்பு, தண்ணீர் நல்லதாக இல்லாவிட்டால் என்று எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல்.

வீட்டுக்காரி வாசலிலேயே நின்றார். பருத்த உடம்பு, இடுப்பில் அறைகளைப் பூட்டும் திறப்புக் கோர்வை. எங்களை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"காணி வழக்கோ, தாபரிப்போ?"

"வழக்கில்லை. கார்னிவல் பாக்க வந்தனாங்கள்" என்றார் கணவர்.

"ஓமோம். எல்லாரும் முதலிலை அப்பிடித்தான் சொல்லுறவை." என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "வெக்கப்படாதை பிள்ளை. இரண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்தது நல்லது. நீதவானுக்கு மனம் இளகும்."

தாபரிப்பு என்றால் கணவனிடம் செலவுக்குக் காசு கேட்கும் வழக்கு. அப்போதுதான் விசயம் விளங்கியது. தீவுகளிலிருந்து வழக்குக்கு வருபவர்கள் முதல் நாளே வந்து தங்கும் வீடு அது. ஆசிரியை அதைமட்டும் சொல்ல மறந்துவிட்டார். கணவர் தலையணையை மணந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. மச்சாள் கிணற்றில் ஒரு செம்பு அள்ளிக் குடித்தார். இன்னொரு செம்பு அள்ளினார். கொண்டுவந்த போத்தலைத் திறக்கவே இல்லை.

விறாந்தையின் இரண்டு அந்தலையிலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நெட்டை, மற்றவர் கட்டை. இரண்டு பேரும் நெடுந்தீவு. அடுத்தடுத்த வளவு. நெடுந்தீவில் வேலியைக் கல்லால் அடுக்குவார்கள். அந்தக் கல்வேலியைக் கட்டையர் ஒரு அடி தள்ளி அடுக்கிவிட்டார் என்று நெட்டையர் வழக்குப் போட்டிருந்தார். தகப்பன் அடுக்கிய இடத்தில்தான் வேலி நிற்கிறது என்பது கட்டையர் வாதம். வழக்கு வருசக்கணக்காக நடந்தது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரே வள்ளத்தில் வந்து, ஒரே வீட்டில் தங்கி, ஒரு சொல் பேசாமல் திரும்பிப் போவார்கள். பேச வேண்டியதை மூன்றாம் ஆளுக்குச் சொல்வார்கள். நாங்கள் வந்து சேர்ந்ததும் அந்த மூன்றாம் ஆள் மச்சாள் ஆனார்.

"அக்கா, அந்தாளிட்டைச் சொல்லுங்கோ, வாளியைக் கிணத்துக் கட்டிலை வைக்கச் சொல்லி."

"அக்கா, கண் தெரியாட்டிக் கண்ணாடி போடச் சொல்லுங்கோ. வாளி கட்டிலைதான் கிடக்கு."

மச்சாளுக்கு இது பிடித்துக்கொண்டது. தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இரண்டு பக்க நியாயத்தையும் தனித்தனியாக விசாரித்துவிட்டு எங்கள் அறைக்குள் வந்து தீர்ப்புச் சொன்னார்.

"இரண்டும் விசர்."

பொழுதுபட்டதும் கார்னிவலுக்குப் புறப்பட்டோம். "நான் வரேல்லை, வாசலிலை நிண்டு பாத்துட்டு வந்திடுவன்" என்று மச்சாளும் வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வந்தார், மரணக்கிணற்றின் படியேறிப் பார்த்துவிட்டு, "உவன்ரை தாய் எங்கை இருக்கிறாள்?" என்று சைக்கிள்காரனைப் பற்றி விசாரித்தார். நான் பிள்ளைகளுக்குப் பஞ்சுபோன்ற தும்பு முட்டாசு வாங்கித் திரும்பியபோது ஆளைக் காணவில்லை.

மச்சாளுக்குக் கால் உளைந்திருக்கிறது. இருக்க ஒரு இடம் தேடியிருக்கிறார். சிவப்புப் பூச்சடித்த ஒரு நல்ல வாங்கு கண்ணில் பட்டிருக்கிறது. போய் அதன் நடுவில் வசதியாக இருந்துவிட்டார். அது ராட்டினத்தின் தொட்டில். சீட்டுக் கேட்க வந்தவனிடம், "இருக்கிறதுக்கும் சீட்டோ?" என்று அதட்டியிருக்கிறார். அவன் பயந்துபோய் அடுத்த ஆட்களை ஏற்றியிருக்கிறான். தனித்தனியாகக் கார்னிவல் பார்க்க வந்திருந்த நெட்டையர் ஒரு பக்கத்தாலும் கட்டையர் மறுபக்கத்தாலும் ஏறினார்கள். மச்சாள் அகலமாக இருந்ததால் ஒருவரை ஒருவர் காணவில்லை. இரும்புச் சட்டம் மூடப்பட்டது.

நாங்கள் கண்டபோது வாங்கு தரையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"தம்பி!" என்று ஒரு சத்தம். என் கணவரைத்தான். அவர் ராட்டினத்துக்குக் கீழே ஓடினார். அக்கா மேலே போகப்போக அவரும் அண்ணாந்தபடி பின்னுக்கு நடந்து, கச்சான் கடலை விற்றவனின் பெட்டியில் மோதினார். தொட்டில் உச்சிக்குப் போன நேரம் பார்த்து மின்சார இயந்திரம் நின்றது. எல்லா விளக்குகளும் ஒரேயடியாக அணைந்தன. பாட்டு இழுபட்டு ஓய்ந்தது. சனம் கப்சிப்பென்று நிற்க, மேலேயிருந்து வந்த பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"அக்கா, அந்தாளை ஆடாமல் இருக்கச் சொல்லுங்கோ." அது கட்டையர்.

"அக்கா, ஆடுறது நானில்லை, தொட்டில். அந்தாளைக் காலை மடக்கச் சொல்லுங்கோ. என்ரை பக்கத்துக்கு ஒரு அடி வந்திட்டுது."

"அந்தாளுக்கு எல்லாத்திலையும் ஒரு அடிதான்!"

கீழே யாரோ சிரித்தார்கள். பிறகு மச்சாளின் குரல் வந்தது. தோட்டத்தில் கேட்கிற அதே குரல்.

"இரண்டு பேரும் வாயை மூடுங்கோ! இப்ப நான்தான் வேலி. என்னை ஆரும் ஒரு நூல் அரக்கினாலும் மூண்டு பேரும் விழுவம். கையைப் பிடியுங்கோ. என்ரை கையை இல்லை, ஆளையாள் பிடியுங்கோ. எனக்கு முன்னாலை குறுக்கை பிடியுங்கோ, நான் வழுக்காமல்."

இருட்டில் அவர்கள் பிடித்தார்களோ இல்லையோ எங்களுக்குத் தெரியவில்லை. என் மகள் அழத் தொடங்கினாள். மகன், "மாமி ஏன் எங்களை ஏத்தேல்லை?" என்று கோபித்துக்கொண்டான். கணவர் இருட்டில் நாலு பேரைப் பிடித்து உலுக்கினார். நாலு பேரும் கார்னிவல்காரர் இல்லை. ஒருவழியாகப் பொடியன்கள் ராட்டினத்தின் கம்பிகளில் தொற்றி ஏறி, தங்கள் பாரத்தால் அதைச் சிறிது சிறிதாகச் சுற்றினார்கள். தொட்டில் தரைக்கு வந்து அரிக்கன் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, நெட்டையரின் கையும் கட்டையரின் கையும் மச்சாளின் மடிக்கு மேலே கயிறு முறுக்கினதுபோல் பிணைந்திருந்தன. விரலைப் பிரிக்க இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

மச்சாள் சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"பயந்திட்டியளோ மச்சாள்?"

"எங்கடை தீவு தெரிஞ்சது" என்றார். "கரையிலை ஒரே ஒரு வெளிச்சம். இவ்வளவு சின்னதெண்டு நான் நினைக்கேல்லை."

எங்களுக்குப் பின்னால் அடுத்த சண்டை தொடங்கியிருந்தது. சீட்டுக்காரனை நடுவில் விட்டு நெட்டையரும் கட்டையரும் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"உங்களைச் சும்மா விடமாட்டன். வழக்குப் போடுவன்!" என்றார் நெட்டையர்.

"கல்வேலி வழக்குப் பேசுற என்ரை அப்புக்காத்து நல்ல ஆள். அவரையே பிடிப்பம்" என்றார் கட்டையர்.

"உம்முடைய அப்புக்காத்து வாயே திறக்கிறேல்லை."

"உமக்கு எதிரா எத்தினை தரம் திறந்தவர்!"

இவ்வளவையும் அவர்கள் மூன்றாம் ஆள் இல்லாமல் பேசினார்கள் என்பதை வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் நான் கவனித்தேன். சாப்பாட்டின்போதும் பேசினார்கள். கார்னிவல்காரன்மேல் போடப்போகும் வழக்கைப் பற்றி மட்டும். அதற்கு மச்சாள் முதலாம் சாட்சி. வீட்டுக்காரி சோறு போட்டபடி கணவரின் காதில் சொன்னார்: "பாத்தீங்களோ, வழக்கில்லை எண்டு சொன்னனீங்கள்."

அடுத்த நாள் காலை வள்ளத்துக்கு நாங்கள் போகவில்லை. மச்சாள் நீதிமன்றத்துக்குப் போய்க் கோடு பார்க்கவேண்டும் என்றார். குளித்து, நல்ல சேலை உடுத்து, முன்வாங்கில் போய் இருந்தார். இருக்கமுன் அது அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தார். கல்வேலி வழக்கைக் கூப்பிட்டார்கள். இரண்டு அப்புக்காத்துமாரும் எழும்பினார்கள், ஏதோ சொன்னார்கள், இருந்தார்கள். வழக்கை மூன்று மாதத்துக்குத் தள்ளித் தவணை போட்டார்கள். வெற்றிலை மடித்துப் போடும் நேரம்கூட ஆகவில்லை.

"இதுக்கோ வள்ளமேறி வாறனீங்கள்?" என்று வெளியே வந்ததும் மச்சாள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டார். அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் நின்றார்கள். கணவர் வள்ளத்துக்கு நேரமாகிறது என்று மூன்று தரம் சொன்னார்.

ராட்டின வழக்கு நடக்கவேயில்லை. அப்புக்காத்துப் பிடிக்கமுன் கார்னிவல் கூடாரம் பிரித்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஆவணியில் நெடுந்தீவிலிருந்து மச்சாளுக்கு ஒரு போத்தல் நெய் வந்தது. நெட்டையர் அனுப்பியிருந்தார். மறு கிழமை இரண்டு போத்தல் நெய் வந்தது. அது கட்டையர்.

இரண்டொரு வருசம் கழித்து ஊர்காவற்றுறைச் சந்தையில் வீட்டுக்காரியைக் கண்டேன். கல்வேலி வழக்கை இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னார்.

"அப்ப இஞ்சை வாறதில்லையோ?"

"ஏன் வராமல்? இப்ப ஆளுக்காள் மாட்டு வழக்கு. ஒரு அறை போதுமாம், இரண்டு பேரும் சேந்து எடுக்கினம்." திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார். "வழக்கில்லாட்டில் ஊரைவிட்டு வெளிக்கிட அவைக்கு வேறை என்ன சாட்டுக் கிடக்கு, சொல்லு பிள்ளை?"